சின்னப் பிள்ளைகளும் படப்புத்தகங்களும் – ஒரு சின்ன வரலாறு



போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதினேன். அதற்கு முந்தின தடவை தேசிங்கு ராஜா. இந்தத் தடவை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் புரட்டுகிற படப்புத்தகங்கள் பற்றி. "பி.காம் படிக்கிறவளுக்கு இந்த வேலை எதுக்குடி?" என்று என் தோழி கேட்டாள். காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு இப்போது ஐந்து வயது. என் அக்கா மகன். வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

குட்டிக்கு என்ன ஆச்சு?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. எங்கள் மாவட்டத்தில் காற்றைவிட மழைதான் ஆட்டம் போட்டது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அதோடு தென்பெண்ணையிலும் வெள்ளம். சென்னை – திருச்சி சாலையே நின்று போனதை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

அக்கா குடும்பம் அப்போது விழுப்புரத்தில் ஒரு தாழ்வான தெருவில் வாடகைக்கு இருந்தது. விடியற்காலையில் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. மாமா குட்டியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் மேட்டுத் தெருவுக்கு நடந்தார். அக்கா ரேஷன் கார்டையும் மாமாவின் சான்றிதழ்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள். மெத்தை, மிக்ஸி, அரிசி மூட்டை, குட்டியின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் போச்சு. மூன்றாம் நாள் எல்லாரும் பனமலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெரியவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிட்டோம். குட்டி தேறவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றினால் வீடே அதிரும்படி கத்துவான். மேகம் கொஞ்சம் கறுத்தால் போதும், அக்கா புடவையை விட மாட்டான். தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி: "சித்தி, என் சைக்கிள் எங்கே?"

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? அம்மா "ரிப்பேருக்குப் போயிருக்குடா கண்ணு" என்றார். அப்பா "வேற வாங்கித் தரேன்" என்றார். நான் பேச்சை மாற்றினேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதில் ஒன்றை மட்டும் அவன் சரியாகப் புரிந்துகொண்டான். இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று. அதன் பிறகு சைக்கிளைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். நாங்கள் "மறந்துட்டான்" என்று சந்தோஷப்பட்டோம். அன்றிலிருந்து பாயில் மூத்திரம் போக ஆரம்பித்தான்.

இதற்கு என்ன செய்வது என்று தேடப்போய்த்தான் நான் படப்புத்தகங்களின் வரலாற்றுக்குள் விழுந்தேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

வீட்டை இழந்தவர் போட்ட புத்தகம்

குழந்தைகளுக்கென்றே படங்களோடு அச்சடித்த முதல் பாடப்புத்தகம் என்று பலரும் காட்டுவது 1658-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வெளிவந்த 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்ற புத்தகத்தை. 'படங்களில் உலகம்' என்று சொல்லலாம். எழுதியவர் கொமீனியஸ் என்ற செக் நாட்டுக்காரர். 150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்தில் எண்கள், கீழே அந்தந்த எண்ணுக்கு லத்தீனிலும் ஜெர்மனிலும் சொற்கள். இன்று அங்கன்வாடிச் சுவரில் தொங்கும் பழங்கள் அட்டை, விலங்குகள் அட்டை எல்லாவற்றுக்கும் கொள்ளுத் தாத்தா இதுதான்.

புத்தகத்தைவிட அந்த மனிதர் கதைதான் என்னை நிறுத்தியது. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்த காலம் அது. கொமீனியஸின் ஊர் சூறையாடப்பட்டது. 1622-ல் கொள்ளைநோயில் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். 1628-ல் நாட்டைவிட்டே வெளியேறி போலந்தில் லெஷ்னோ என்ற ஊரில் தங்கினார். 1656-ல் அந்த ஊரும் எரிந்தது. பல வருடம் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பல். கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம். இத்தனைக்கும் நடுவில்தான் அவர் குழந்தைகளுக்கு உலகத்தைப் படம் போட்டுக் காட்டும் வேலையைச் செய்தார். எரிந்ததற்கு இரண்டே வருடம் கழித்து அந்தப் புத்தகம் வந்தது!

சைக்கிளில் தப்பித்த குரங்கு

இன்னொரு கதை. 'கியூரியஸ் ஜார்ஜ்' என்ற குரங்குக் குட்டியை உங்களில் சிலர் கார்ட்டூனில் பார்த்திருக்கலாம். அதை உருவாக்கியவர்கள் ஹான்ஸ் ரே, மார்கரெட் ரே என்ற ஜெர்மன் யூதத் தம்பதி. 1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கியபோது அவர்கள் அங்கே இருந்தார்கள். ரயில் கிடைக்கவில்லை. ஹான்ஸ் உதிரி பாகங்களை வாங்கி இரண்டு சைக்கிள்களை அவரே பூட்டினார். படங்களும் கையெழுத்துப் பிரதியும் மூட்டையில். இருவரும் பாரிஸைவிட்டு மிதித்தார்கள். பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல், பிரேசில் வழியாக நியூயார்க். 1941-ல் புத்தகம் வெளிவந்தது. சொந்தக் காட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒரு குட்டி, தெரியாத ஊரில் என்னவெல்லாம் குழப்பம் செய்கிறது என்பதுதான் அதன் கதை. எழுதியவர்கள் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதானே?

போர் முடிந்த பிறகு வருகிறார் யெல்லா லெப்மன். இவரும் ஜெர்மன் யூதர். பத்திரிகையாளர். நாஜிகளுக்குப் பயந்து இங்கிலாந்து போனவர், 1945-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராகத் தாய்நாட்டுக்குத் திரும்பினார். பெண்கள், குழந்தைகள் நலன் அவர் பொறுப்பு. பார்த்த இடமெல்லாம் இடிபாடு. சோறு, துணி, மருந்து என்று எல்லாவற்றுக்கும் பஞ்சம். அந்த நேரத்தில் இந்த அம்மா 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். என்ன கேட்டார்? குழந்தைப் புத்தகங்கள்! நேற்று வரை எதிரியாக இருந்த நாட்டின் பிள்ளைகளுக்கு! பெரும்பாலான நாடுகள் அனுப்பின. 1946-ல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். 1949-ல் அது சர்வதேச இளைஞர் நூலகமாக மாறியது. 1953-ல் அவர் முயற்சியில் ஐபிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேசக் குழந்தை நூல் அமைப்பும் பிறந்தது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி: சண்டை போட மறுத்துப் பூ வாசம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 'ஃபெர்டினாண்ட்' என்ற காளையின் கதையை லெப்மன் ராத்திரியோடு ராத்திரியாக ஜெர்மனில் மொழிபெயர்த்தார். செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சடித்து பெர்லின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர் சோற்றுக்குப் பதிலாகப் புத்தகம் என்று சொல்லவில்லை. சோற்றோடு புத்தகமும் என்றார்.

நம்ம பக்கம் எப்படி?

தமிழில் குழந்தை இலக்கியம் ஒன்றும் குறைவில்லை. அழ. வள்ளியப்பா முன்னின்று நடத்திய குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-லேயே தொடங்கிவிட்டது. அம்புலிமாமா 1947-ல் வந்தது. எங்கள் தாத்தா காலத்தில் அணில், கண்ணன் என்று பத்திரிகைகள் வரிசை கட்டின. ஆனால் இவையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு. பக்கம் முழுக்கப் படம், கீழே ஒரு வரி என்று மடியில் வைத்துச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. அந்த இடத்தை ஒரு காலத்தில் நிரப்பியது மாஸ்கோ! ராதுகா, முன்னேற்றப் பதிப்பகம் போன்றவை தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய வழவழ படப்புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் குறைந்த விலைக்கு விற்றது. எங்கள் அப்பாவிடம் கரடிப் படம் போட்ட ஒன்று இன்னமும் இருக்கிறது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அந்த வரத்து நின்றது.

டெல்லியில் 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் நல்ல புத்தகங்கள் போட்டன. அதன் பிறகு சென்னையிலேயே இரண்டு பதிப்பகங்கள் வந்தன. 1994-ல் தாரா. 1996-ல் தூலிகா. நம் ஊர்ப் பிள்ளையின் முகம், நம் ஊர்ச் சமையலறை, நம் ஊர் மரம் எல்லாம் படப்புத்தகத்துக்குள் வரத் தொடங்கியது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

ஆனாலும் ஒரு பழக்கம் நம்மை விடவில்லை. கதை முடிந்ததும் "இதனால் அறியப்படும் நீதி யாதெனில்" என்று ஒரு குட்டு வைப்பது. பயந்திருக்கும் பிள்ளையிடம் 'தைரியமாக இருக்க வேண்டும்' என்ற நீதியைச் சொன்னால் என்ன ஆகும்? பயத்தோடு சேர்த்து வெட்கமும் வரும். அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26

இனி நம் கடற்கரைக்கு வருவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். நான் அப்போது கைக்குழந்தை. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று நான்கு வயதாக இருந்த நாகைப் பிள்ளைகளுக்கு? அவர்களுக்குக் கடல்தான் விளையாட்டு மைதானம். அப்பா போகும் வேலை அங்கே. சாப்பாட்டில் இருக்கும் மீன் அங்கிருந்து. அந்தக் கடலே ஒரு காலையில் வீட்டுக்குள் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போனால், அதை அந்தப் பிள்ளை எந்த வார்த்தையில் சொல்லும்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல நிபுணர்கள் வந்தார்கள். ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டி வைத்து 'என்ன நடந்தது, சொல்லு' என்று குடையவில்லை. படம் வரையச் சொன்னார்கள், களிமண் கொடுத்தார்கள், கதை சொன்னார்கள், விளையாடவிட்டார்கள். வார்த்தை வராத இடத்தில் வண்ணப் பென்சில் பேசும் என்பதுதான் அதன் அடிப்படை.

இந்த வழி நம் பக்கத்துத் தமிழர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். இலங்கையில் மட்டக்களப்பில் 1996-லேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பாதர் பால் சற்குணநாயகம் என்ற யேசுசபைப் பாதிரியாரும் கனடாவைச் சேர்ந்த பால் ஹோகன் என்ற ஓவியரும் அதற்கு முன்நின்றார்கள். போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக பஸ்ஸில் வருவார்கள். வரைவார்கள், மண்ணில் பிசைவார்கள், கதை கட்டுவார்கள். பிரசங்கம் கிடையாது.

சுனாமிக்கு அடுத்த வருடமே, 2005-ல், தூலிகா ஒரு படப்புத்தகம் போட்டது. சந்தியா ராவ் எழுதிய 'மை ஃபிரெண்ட், த சீ'. கடலைத் தன் நண்பனாக நினைக்கும் ஒரு பிள்ளை. நண்பன் ஒருநாள் ஏன் இப்படிச் செய்தான்? இனியும் அவன் நண்பன்தானா? இதுதான் புத்தகம். புகைப்படங்களையும் கலந்து செய்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் வைத்திருந்தார். அவர் வீட்டில்தான் பார்த்தேன். பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கழுத்து வரை ஏதோ அடைத்தது. காரணம், அந்தப் புத்தகம் 'ரிப்பேருக்குப் போயிருக்கு' என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தது என்று சொல்கிறது. ஆனால் பயமுறுத்தவும் இல்லை.

தாரா 2009-ல் வேறு மாதிரி ஒன்று செய்தது. வங்காளத்தில் பட்டுவா என்று ஒரு சமூகம் இருக்கிறது. நீளச் சுருளில் படம் வரைந்து, ஒவ்வொரு படமாக விரலால் காட்டிப் பாடுவது அவர்கள் தொழில். அவர்களில் ஜெய்தேவ் சித்ரகார், மொய்னா சித்ரகார் இருவரும் சுனாமியைச் சுருளாக வரைந்தார்கள். அதைக் கையால் அச்சடித்து, மடித்து விரிக்கும் புத்தகமாக தாரா கொண்டுவந்தது. இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமான புத்தகமல்ல. ஆனால் பெரிய துயரத்தைப் படமாக்கி ஊர் ஊராகப் பாடும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு (பி.காம் புத்தி!)

'இவ்வளவு நல்ல விஷயம் என்றால் ஏன் எல்லா வீட்டிலும் இல்லை?' என்று கேட்பீர்கள். இங்கேதான் என் பாடம் உதவுகிறது. படப்புத்தகத்தில் நிலையான செலவு அதிகம். ஓவியருக்கான தொகை, வடிவமைப்பு, நான்கு வண்ண அச்சுக்கான தகடுகள் எல்லாம் 500 பிரதி அடித்தாலும் 5,000 பிரதி அடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரதிகள் குறைந்தால் ஒரு பிரதியின் தலையில் விழும் செலவு ஏறும். விலை ஏறினால் வாங்குபவர் குறைவர். வாங்குபவர் குறைந்தால் பிரதிகள் இன்னும் குறையும். செக்கு மாடு மாதிரி இதிலேயே சுற்ற வேண்டியதுதான்.

இதை உடைக்க ஒரு வழி, ஒரே படங்களைப் பல மொழிகளுக்குப் பொதுவாக வைத்துக்கொள்வது. எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் வைத்தால், மொழி மாறும்போது கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்று வண்ணத் தகடுகளும் அப்படியே. தூலிகா ஒன்பது மொழிகளில் புத்தகம் போடுகிறது. படச் செலவு ஒன்பது தோள்களில் பகிர்ந்துவிடுகிறது. இன்னொரு வழி, 2004-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் பிடித்த வழி: குறைந்த விலை, நிறையப் பிரதிகள். 2015-ல் அவர்கள் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் திறந்து, கதைகளை இலவசமாகப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் யாருக்கும் உரிமை கொடுத்துவிட்டார்கள். அதில் தமிழும் இருக்கிறது.

அரசுப் பக்கமும் சொல்ல வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில். சாயங்காலம் தெருத் திண்ணையில் பாட்டும் கதையுமாக நடந்தது. அடுத்து 2023-ல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகள். நுழை புத்தகங்களில் படம்தான் ராஜா. கொரோனாவும் ஒரு வெள்ளம் மாதிரிதானே? ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையை மறுபடி நாற்பது பேர் நடுவில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

கணக்கு நோட்டில் ஒரு கதை

மறுபடி குட்டியிடம் வருகிறேன். டீச்சரிடம் இருந்த புத்தகம் கடல் பற்றியது. குட்டி கடலையே பார்த்ததில்லை. அவனுடைய பயம் வேறு, அவனுடைய தெரு வேறு. டீச்சர்தான் சொன்னார்: "நீயே ஒண்ணு போடேன். படம் நல்லா இருக்கணும்னு அவசியமில்ல. உண்மையா இருக்கணும்."

என்னிடம் போன செமஸ்டர் கணக்கு நோட்டில் பாதி மிச்சம் இருந்தது. எனக்கு வரைய வராது. மனிதர்களைக் குச்சி குச்சியாகப் போடுவேன். முதல் பக்கத்தில் விழுப்புரம் வீடு. அடுத்த பக்கத்தில் மழை. அதற்கடுத்து மாமா தோளில் குட்டி. அங்கேயே குட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினான். "அப்பா லுங்கி நீலம்" என்றான். நான் பச்சையாகப் போட்டிருந்தேன்! எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று நாங்கள் நினைத்த பிள்ளை லுங்கியின் நிறத்தை ஞாபகம் வைத்திருந்தான்.

பிறகு, கணக்கு நோட்டு என்பதால் எனக்கு ஒன்று தோன்றியது. இடது பக்கம் தண்ணீர் கொண்டுபோனவை. வலது பக்கம் நம்மிடம் இருப்பவை. இடதில் மெத்தை, மிக்ஸி, அரிசி. வலதில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சித்தி, பனமலை ஏரி. சைக்கிள் வந்தபோது என் கை நின்றது. ரிப்பேர் கதை என்னையே பார்த்துச் சிரித்தது. நான் சொன்னேன்: "குட்டி, சைக்கிள் ரிப்பேருக்குப் போகல. தண்ணி அடிச்சுட்டுப் போயிடுச்சு. நாங்க உன்கிட்ட பொய் சொல்லிட்டோம்."

அழுதான். நன்றாகவே அழுதான். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து என்னைத் திட்டினார். "ஆறின புண்ணைக் கிளறாதேடி!" அது ஆறவே இல்லை என்று அன்று என்னால் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் வந்து அவனை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சைக்கிள இந்தப் பக்கம் போடு" என்று இடது பக்கத்தைக் காட்டினான். போட்டேன். "மேல வாத்து போடு." போட்டேன். வாத்து சைக்கிள் ஓட்டிக்கொண்டு வெள்ளத்தில் போகிறது. அதுதான் அவன் முடிவு. என் முடிவு வேறாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அந்த நோட்டை அடுத்த ஒரு மாதம் தினமும் படித்தோம். ஒருநாளில் நான்கு தடவைகூட. எனக்குச் சலித்தது, அவனுக்குச் சலிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. உண்மையான வெள்ளம் அவன் சொல்வதைக் கேட்கவில்லை. நோட்டில் இருக்கும் வெள்ளம் கேட்கும். அவன் பக்கத்தைப் புரட்டினால்தான் தண்ணீர் ஏறும். மூடினால் நின்றுவிடும். வேண்டுமென்றால் மழைப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். கடைசியில் எல்லாரும் பனமலையில் இருப்பார்கள் என்று அவனுக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு தடவையும் அப்படியே இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படப்புத்தகம் மருந்து அல்ல. வாரக்கணக்கில் பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேசவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் குட்டிக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். படுக்கை நனைவது பிப்ரவரியோடு நின்றது. குளிக்கிறான். ஆனால் இடி இடித்தால் இன்னமும் அக்காவைத் தேடுகிறான். தேடட்டும். எனக்கே கொஞ்சம் பயம்தான்.

மலைமேல் ஒரு பாதிப் படம்

கடைசியாக எங்கள் ஊர் விஷயம் ஒன்று. பனமலை என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது மலைமேல் இருக்கும் தாளகிரீஸ்வரர் கோயிலை. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. சுமார் 1,300 வருடம் பழையது. அதில் வடக்குப் பக்கத்துச் சின்னச் சன்னதிச் சுவரில் ஒரு ஓவியம் மிச்சம் இருக்கிறது. கிரீடம் வைத்த தேவி, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். தலைக்கு மேல் குடை. சிவன் ஆடுவதைப் பார்வதி பார்க்கிற காட்சி என்கிறார்கள். ஆடுகிற சிவனின் ஓவியம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள் மட்டும் இருக்கிறாள்.

சின்ன வயதில் பாட்டி என்னை அங்கே கூட்டிப்போய், "அந்தம்மா யாரப் பாக்குறாங்க, சொல்லு" என்பார். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வேன். தப்பு என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்த முதல் படப்புத்தகம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பாதிப் படம் சுவரில், மீதி நம்மிடம்.

போன மாதம் குட்டியைக் கூட்டிப்போனேன். பாட்டி இப்போது இல்லை. அதனால் அந்தக் கேள்வியை நானே கேட்டேன். குட்டி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு சொன்னான்:

"மழை வருதான்னு பாக்குறாங்க சித்தி. அதான் கொடை வெச்சிருக்காங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

உங்கள் வீட்டிலும் வீடு மாறிய பிள்ளை, புதிதாகத் தம்பிப் பாப்பா வந்த பிள்ளை, தாத்தாவை இழந்த பிள்ளை யாராவது இருந்தால் ஒரு பழைய நோட்டை எடுங்கள். வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை. லுங்கி நிறத்தை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

அடுத்த தடவை செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கதையோடு வருகிறேன்.